நனைந்தால்தான் உழைக்கும் சவ்வு

பள்ளி ஆய்வுக்கூடத்தில் நீரை மின்னாற்பகுத்துப் பார்த்திருப்பீர்கள். சில துளி கந்தக அமிலம் கலந்த நீரில் மின்சாரத்தைச் செலுத்தினால், ஒரு குழாயில் ஹைட்ரஜனும் மற்றதில் அதில் பாதி அளவு ஆக்சிஜனும் சேரும். அதன்பின் மின்கலத்தைக் கழற்றிவிட்டு, அதே இரு கம்பிகளையும் ஒரு மின்னோட்டமானியுடன் இணைத்துப் பார்த்ததுண்டா? மின்வாய்கள் பிளாட்டினத்தால் ஆனவையாக இருந்தால், முள் எதிர்த்திசையில் நகரும். பிரிந்த வாயுக்கள் மீண்டும் நீராகச் சேர்கின்றன. சேரும்போது மின்சாரம் தருகின்றன. 1839-இல் வில்லியம் க்ரோவ் இதைக் கண்டறிந்தார். இன்றைய எரிபொருள் மின்கலத்தின் வித்து அதுதான்.

இதில் நடப்பது என்ன? ஹைட்ரஜன் அணு, பிளாட்டினத்தின் மேல் புரோட்டானாகவும் எலெக்ட்ரானாகவும் பிரிகிறது. எலெக்ட்ரான் வெளிக்கம்பி வழியே சுற்றிவந்து நமக்கு வேலை செய்து தருகிறது. புரோட்டானோ உள்ளே இருக்கும் அமிலத்தின் வழியாக ஆக்சிஜன் பக்கம் போய்ச் சேர வேண்டும். ஆகவே நடுவில் இருக்கும் பொருளுக்கு மூன்று கட்டளைகள்: புரோட்டானை விடு, எலெக்ட்ரானை விடாதே, இரு வாயுக்களையும் ஒன்றோடொன்று கலக்க விடாதே. க்ரோவ் பயன்படுத்திய திரவ அமிலம் முதல் இரண்டையும் செய்தது. ஆனால் திரவம் சிந்தும், கசியும், தொட்டதை அரிக்கும். எடையற்ற விண்கலத்துக்குள் அதை வைத்துக்கொண்டு என்ன பாடுபடுவது என்று எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய தாமஸ் க்ரப், 1955-இல் இதற்கு ஒரு மாற்று வழி சொன்னார். திரவ அமிலம் எதற்கு? அமிலத் தொகுதிகளை ஒரு பலபடியின் சங்கிலியிலேயே கட்டிப்போட்டு, அதைத் தகடாக வார்த்துவிட்டால் என்ன? பலபடி என்பது நாம் பாலிமர் என்று சொல்லும் அதே நீண்ட மூலக்கூறுதான். அவர் எடுத்துக்கொண்டது பாலிஸ்டைரீன். நீங்கள் தெர்மோகோல் என்று அறிந்திருக்கும் வெண்ணிறப் பொருளின் மூலப்பொருள் அது. அதனுடன் சல்ஃபோனிக் அமிலத் தொகுதிகளை இணைத்தால், கடின நீரை மென்னீராக்கும் கருவிகளில் உள்ள பிசினுக்கு உறவான பொருள் கிடைக்கும். அதே நிறுவனத்தின் லியனார்டு நீட்ராக் அந்தச் சவ்வின் மேல் பிளாட்டினத்தைப் படியவைக்கும் வழியைக் கண்டார்.

1965 ஆகஸ்டில் ஜெமினி-5 விண்கலம் இத்தகைய மின்கலங்களுடன் 8 நாள் பூமியைச் சுற்றியது. மின்சாரம் கிடைத்தது, உடன்விளைவாகத் தண்ணீரும் கிடைத்தது. ஆனால் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. அதில் அசுத்தங்கள் கலந்திருந்தன. இவ்வகைச் சவ்வு வேலை செய்துகொண்டே தன்னையும் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டிருந்தது. விண்வெளியில் சில நாட்களுக்குப் போதுமாயிருந்த அதன் ஆயுள், தரையில் எந்த வேலைக்கும் போதாது. பின்னர் நிலவுக்குச் சென்ற அப்போலோ கலங்களில் காரக் கரைசல் கொண்ட வேறு வகை மின்கலங்களே இடம் பெற்றன. அவற்றின் தண்ணீரை வீரர்கள் குடித்தனர்.

சவ்வு ஏன் கரைந்தது? ஆக்சிஜன் சிறிதளவு தவறான வழியில் வினைபுரிந்தால் நீருக்குப் பதில் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். அதில் ஓர் இரும்பு அயனி பட்டால் போதும், ஹைட்ராக்சில் உறுப்பு என்னும் மிகக் கொடிய துணுக்குப் பிறக்கும். பாலிஸ்டைரீன் சங்கிலியில் கார்பனோடு ஹைட்ரஜன் தளர்வாகப் பிணைந்திருக்கும் இடங்கள் உண்டு. அந்தத் துணுக்கு நேரே அங்கேதான் கடிக்கும்.

கடிக்க ஹைட்ரஜனே இல்லாத சங்கிலி வேண்டும். அது வேறொரு தொழிலுக்காக ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருந்தது. டூபான்ட் நிறுவனத்தின் வால்தர் க்ரோட் 1960-களில், உப்புநீரிலிருந்து காஸ்டிக் சோடாவும் குளோரினும் தயாரிக்கும் தொட்டிகளுக்காக நாஃபியான் என்னும் சவ்வை உருவாக்கினார். இதன் முதுகெலும்பு, தோசைக்கல்லில் பூசும் டெஃப்லான். ஹைட்ரஜன் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஃப்ளூரின். அதிலிருந்து பக்கக் கிளைகள் நீளும். கிளைகளின் நுனியில் சல்ஃபோனிக் அமிலம். டெஃப்லான் நீரை வெறுக்கும். அமிலமோ நீரைத் தேடி உறிஞ்சும். ஒரே மூலக்கூறுக்குள் இப்படி இரு குணம் இருப்பதால், நீர் எல்லா இடத்திலும் பரவாமல் சில நானோமீட்டர் அகலமுள்ள நுண் அறைகளிலும் வாய்க்கால்களிலும் தேங்குகிறது. அந்த வாய்க்காலே புரோட்டானின் பாதை. கட்டட வேலையில் ஆட்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றுவதுபோல, ஒரு நீர் மூலக்கூறு அடுத்ததற்குப் புரோட்டானைக் கொடுக்கிறது. வரிசையில் ஆள் குறைந்தால் வேலை நின்றுபோகும். சவ்வு உலர்ந்தால் நடப்பதும் அதுதான்.

நாஃபியான் நீண்ட காலம் உழைத்தது. ஆனால் இன்னொரு சிக்கல் எழுந்தது. புரோட்டான் போகும்போது நீரையும் தன்னோடு இழுத்துச் செல்கிறது. அதனால் ஹைட்ரஜன் பக்கம் உலர்கிறது. ஆக்சிஜன் பக்கம் வெள்ளமாகிறது. சவ்வை மெல்லியதாக்கினால், அந்தப் பக்கம் உண்டான நீர் எளிதில் இந்தப் பக்கம் ஊறிவரும், மின்தடையும் குறையும். ஆகவே முன்பு 178 மைக்ரான் தடிமனாக இருந்த சவ்வு, இன்றைய கார்களில் சுமார் 10 மைக்ரானுக்கு இறங்கியிருக்கிறது. நம் தலைமயிரின் தடிமனில் இது ஏழில் ஒரு பங்கு இருக்கலாம்.

மெலிந்தால் வேறு கேடு. வாயுக்கள் கசிந்து சந்திக்கின்றன, பெராக்சைடு கூடுகிறது. போதாக்குறைக்கு, மழைக்காலத்தில் உப்பி இறுகிக்கொள்ளும் மரக்கதவைப்போல, வண்டி ஓடி நிற்கும் ஒவ்வொரு முறையும் சவ்வு ஊறி விரிந்து, உலர்ந்து சுருங்கும். சட்டத்துக்குள் இறுக்கிப் பிடித்திருப்பதால் கிழிந்து துளை விழும். இதற்குக் கண்ட மருந்து, சிமெண்டுக்குள் கம்பி வைப்பது போன்றது. பாப் கோர் 1969-இல் டெஃப்லானைச் சட்டென்று இழுத்து நுண்துளை வலையாக்கினார். குழாய் பொருத்துபவர்கள் மரையில் சுற்றும் வெள்ளை நாடா இதற்கு உறவு. அந்த வலைக்குள் நாஃபியான் போன்ற பலபடியை நிரப்பினால், மெல்லிய சவ்வும் கிழியாது. கடிக்கும் துணுக்குகளை அடக்கச் சிறிதளவு சீரியம் அயனிகளைச் சேர்க்கிறார்கள். அளவு கூடினால் அவை அமில இடங்களைப் பிடித்துக்கொண்டு மின்கடத்தலைக் குறைத்துவிடும். அதுமட்டுமன்று, வைத்த இடத்தில் நில்லாமல் இடம் பெயரவும் செய்கின்றன!

வெப்பத்துக்கு வருவோம். நனைந்திருக்க வேண்டிய சவ்வைக் கொதிநிலைக்கு மேல் கொண்டுபோவது கடினம். 80 பாகை செல்சியசு அளவிலேயே நிறுத்த வேண்டியிருக்கிறது. ஒரு கனரக லாரி கோடையில் மலையேறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியே 40 பாகை, உள்ளே 80. இவ்வளவு குறைந்த வேறுபாட்டில் வெப்பத்தை வெளியேற்ற மிகப் பெரிய ரேடியேட்டர் வேண்டும். டீசல் எஞ்சினில் வெப்பத்தின் பெரும்பங்கு புகைக்குழாய் வழியே போய்விடும். இங்கு அந்த வசதியும் இல்லை. நீருக்குப் பதிலாகப் பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறிய பாலிபென்சிமிடசோல் சவ்வை 1995-இல் அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தார் அறிமுகம் செய்தனர். அது 160 பாகையிலும் உழைக்கும். ஹைட்ரஜனில் கலந்துவரும் கார்பன் மோனாக்சைடையும் தாங்கும். ஆனால் வண்டி குளிர்ந்த நிலையில் கிளம்பும்போது உண்டாகும் திரவ நீர் அந்த அமிலத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். நின்ற இடத்திலேயே இடைவிடாது இயங்கும் மின்னாக்கிகளுக்கு அது பொருந்தும். அடிக்கடி நின்று கிளம்பும் வண்டிக்குப் பொருந்துவது கடினம்.

இப்போது ஃப்ளூரினே ஒரு கேள்வியாகிவிட்டது. எதனாலும் சிதையாது என்று நாம் மெச்சிய அதே குணத்தால், இவ்வகைச் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்கிவிடுகின்றன. 2023-இல் ஐரோப்பாவின் ஐந்து நாடுகள் இந்தச் சேர்மங்களின் முழுக் குடும்பத்துக்கும் கட்டுப்பாடு கோரின. ஆகவே ஃப்ளூரின் இல்லாத பலபடிகளை ஆய்வாளர்கள் மீண்டும் கையில் எடுத்திருக்கிறார்கள். இவற்றில் அமிலம் குறைந்தால் உலர்ந்த நிலையில் கடத்தாது. மிகுந்தால் நீரில் கூழாகிவிடும். அதனால் நீரை விரும்பும் துண்டையும் வெறுக்கும் துண்டையும் மாற்றி மாற்றிக் கோத்து, நாஃபியானின் வாய்க்கால்களைச் செயற்கையாக உண்டாக்கப் பார்க்கிறார்கள். எனக்கு இந்த வழியில்தான் நம்பிக்கை அதிகம். ஆயினும் நெடுந்தூர லாரிக்கு 25,000 மணி நேர உழைப்பு வேண்டும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை வைத்திருக்கும் இலக்கு. சின்ன இலக்கன்று.

அத்தனை மணி நேரம் காத்திருக்க யாராலும் முடியாது. ஆகவே மின்கலத்தை 90 பாகை வெப்பத்தில், ஈரப்பதம் குறைத்து, மின்சாரம் எடுக்காமல் 500 மணி நேரம் வதைக்கிறார்கள். நாஃபியான் வகையானால், வெளிவரும் தண்ணீரைப் பிடித்து அதில் ஃப்ளூரைடு எவ்வளவு என்று அளப்பார்கள். ஃப்ளூரைடு ஏறினால் சவ்வு கரைகிறது என்று பொருள். புதிய சவ்வுகளில் அளக்க ஃப்ளூரின் இல்லை. ஒரு பக்கத்து ஹைட்ரஜன் மறுபக்கம் எவ்வளவு கசிகிறது என்பதை நாள்தோறும் குறித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.