அம்மாவோட அண்டாவை யார் தூக்கிப் போடுறது? வீட்டை காலி பண்றதுக்கு முன்னாடி கொஞ்சம் பேசலாம்!

உங்க வீட்டுப் பரண்ல என்ன இருக்குன்னு ஏறிப் பார்க்காமலே சொல்லிடலாம். வாரன்ட்டி முடிஞ்சு வருஷக்கணக்கான டி.வி-யோட அட்டைப்பெட்டி, ஓடாத மிக்ஸி, ரெண்டு மூணு அண்டா, கல்யாணங்கள்ல கொடுத்த எவர்சில்வர் டப்பாக்கள், நீங்க எட்டாவது படிச்சப்போ எழுதின நோட்டுகள். கிச்சன் பக்கம் போனா, பிளாஸ்டிக் கவர் முழுக்க பிளாஸ்டிக் கவர்.

இன்னொரு பக்கம் உங்க போன்ல ரீல்ஸ் ஓடுது. வெள்ளைச் சுவர், ஒரே ஒரு நாற்காலி, ஒரு செடி. 'இதுதான் வாழ்க்கை'னு முடிவு பண்ணி, ஞாயித்துக்கிழமை காலைல பெரிய கறுப்பு கவரோட களத்துல இறங்குறீங்க. மதியத்துக்குள்ள வீட்ல சண்டை. "அது இருக்கட்டும், எதுக்காவது உதவும்"னு அம்மா. "பத்து வருஷமா உதவலையே"னு நீங்க. சாயங்காலம் எல்லாம் மறுபடியும் பரணுக்கே போயிடுது.

எங்க தப்பாச்சு? அந்த ரீல்ஸ் வீட்ல ஒருத்தர்தான் இருக்கார். அங்க இருக்கற பொருள் எல்லாம் அவரோடது. நம்ம வீடு அப்படி இல்லை. ஒரே பீரோவுல மூணு தலைமுறையோட சாமான் இருக்கு.

இந்த டிரெண்டை உலகம் முழுக்கக் கொண்டு போனவங்கள்ல முக்கியமானவர், ஜப்பானைச் சேர்ந்த மாரி கோண்டோ. 2019-ல நெட்ஃப்ளிக்ஸ்ல அவரோட நிகழ்ச்சி வந்துச்சு. 'கையில எடுக்கும்போது சந்தோஷம் தந்தா வெச்சுக்கோங்க, இல்லைன்னா நன்றி சொல்லி அனுப்பிடுங்க' என்பது அவர் பாணி. ஆனா, சின்ன வயசுல வீட்டு ஆட்களோட பொருட்களை அவங்களுக்குத் தெரியாம தூக்கிப் போட்டு மாட்டிக்கிட்டதை அவரே தன் புத்தகத்துல எழுதியிருக்கார். அதனால 'முதல்ல உன்னோடதை மட்டும் ஒழுங்கு பண்ணு' என்பதுதான் அவர் அறிவுரை. ரீல்ஸ்ல இந்தப் பகுதி மட்டும் வர்றதே இல்லை. மூணாவது குழந்தை பிறந்த பிறகு, வீட்டைப் பழையபடி ஒழுங்கா வைக்கறதை ஓரளவு விட்டுட்டதா 2023-ல அவரே சொன்னார் என்பது கூடுதல் ஆறுதல்!

ஸோ, முதல் மாசம் உங்க பொருட்கள் மட்டும். பத்தாத ஜீன்ஸ், காலேஜ் ரெக்கார்டு நோட்டு, பழைய இயர்போன், எந்த போனுக்குன்னே தெரியாத சார்ஜர்கள். உங்க அலமாரி காலியாகறதை வீட்ல எல்லாரும் பார்ப்பாங்க. ஒரு வார்த்தை பேசாமலே பாதி வேலை முடிஞ்சிரும்.

அடுத்து அம்மாவோட ஏரியா. இங்க அவசரப்படாதீங்க. தன்கிட்ட இருக்கற பொருளுக்கு மனுஷன் எப்பவுமே கூடுதல் மதிப்பு போடுவான். 1990-ல டேனியல் கானமன் உள்ளிட்ட மூணு ஆய்வாளர்கள் சாதாரண காபி கோப்பைகளை வெச்சு ஒரு சோதனை பண்ணாங்க. கோப்பை கையில் இருந்தவங்க கேட்ட விலை, வாங்க வந்தவங்க தர நினைச்சதைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு. சும்மா கையில் கொடுத்த கோப்பைக்கே இப்படின்னா, பிறந்த வீட்டுச் சீரா வந்த அண்டாவுக்கு?

உங்களுக்கு அது இடத்தை அடைக்கிற பாத்திரம். அவங்களுக்கு அது தாத்தா சீட்டு கட்டிச் சேர்த்த காசு. மண்ணெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் ரேஷன் கடையில வரிசையில நின்ன தலைமுறை அது. 'எதுக்காவது உதவும்' என்பது அவங்க அனுபவத்துல பலமுறை உண்மையான விஷயம். அதைக் கிண்டல் பண்ணிட்டு ஆரம்பிச்சா, ஒரு கரண்டிகூட வெளியே போகாது.

'இது வேணுமா?'னு கேட்காதீங்க, 'வேணும்'னுதான் பதில் வரும். 'இது எப்படி நம்ம வீட்டுக்கு வந்துச்சு?'னு கேளுங்க. கீழே இறக்கித் துடைச்சுக்கிட்டே கதையைக் கேளுங்க. கடைசியா, 'இதை இனிமே யார் பயன்படுத்துவாங்க?'னு கேளுங்க. இப்பல்லாம் விசேஷத்துக்கு கேட்டரிங்காரங்களே பாத்திரம் கொண்டு வந்துடறாங்க. மூணு அண்டாவுல எதை வெச்சுக்கறதுன்னு அவங்களே முடிவு பண்ணட்டும். மத்ததை சித்தி பொண்ணுக்குக் கொடுக்கறதா, கடையில எடைக்குப் போட்டு தினமும் புழங்கற மாதிரி ஏதாவது வாங்கறதா என்பதும் அவங்க இஷ்டம். முடிவெடுக்க முடியாததை ஒரு பெட்டியில போட்டு, மேல தேதி எழுதி ஒட்டிடுங்க. அடுத்த பொங்கல் வரைக்கும் யாரும் அதைத் திறக்கலைன்னா மறுபடியும் பேசலாம்.

பேப்பர் விஷயத்துல மட்டும் வேகமே வேணாம். மஞ்சள் பையில மடிச்சு வெச்ச பழுப்பு காகிதம் தாய்ப் பத்திரமா இருக்கலாம். அது தொலைஞ்சா போலீஸ் புகார், பத்திரிகை விளம்பரம்னு அலையணும். எடைக்குப் போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தாளையும் அப்பாவோட உட்கார்ந்து பாருங்க. மார்க் ஷீட், ஆதார் மாதிரியானவை டிஜிலாக்கர்ல கிடைச்சாலும் ஒரிஜினலைத் தூக்கிப் போட அது காரணம் இல்லை.

பழைய போனை ரீசெட் பண்ணி, சிம், மெமரி கார்டை எடுத்துட்டு, இ-வேஸ்ட் சேகரிக்கற இடத்துல கொடுங்க. உப்பிப்போன பேட்டரி இருந்தா, அதை முதல்ல வெளியேத்துங்க. குப்பைத்தொட்டியில மட்டும் போட்டுடாதீங்க, தீப்பிடிக்கும். துணிகளைப் பொறுத்தவரை ஒரே விதிதான்: துவைச்சு, பட்டன் தைச்சு, நீங்களே போட்டுக்கற நிலையில இருந்தா மட்டும் அடுத்தவருக்கு. மத்தது கரித்துணி.

மொட்டை மாடியை மறந்துடாதீங்க. பரணைவிட ஆபத்து அங்கதான். உடைஞ்ச பக்கெட், பழைய டயர், கவிழ்க்காம விட்ட தொட்டின்னு எதுல மழைத்தண்ணி நின்னாலும் டெங்கு பரப்பற ஏடிஸ் கொசு முட்டை போடும். தண்ணி வத்தினாலும் அந்த முட்டைகள் மாசக்கணக்குல உயிரோட இருக்கும். ஐப்பசி மழைக்கு முன்னாடி முதல்ல காலியாக வேண்டியது மாடிதான்.

'அதான் போகி இருக்கே, கொளுத்திடலாம்'னு யாராவது சொல்வாங்க. 2018 போகி அன்னிக்கு சென்னையில புகையும் பனியும் சேர்ந்து விமானங்களே வேற ஊருக்குத் திரும்ப வேண்டியதாச்சு. போகியை டெட்லைனா வெச்சுக்கோங்க, தீப்பெட்டி வேணாம். பழைய பேப்பர் கடைக்காரரை அதுக்கு முந்தின வாரமே கூப்பிட்டுடுங்க.

காலியான பரணைப் பார்த்ததும் அழகா நாலு பிளாஸ்டிக் பெட்டி வாங்கத் தோணும். வாங்காதீங்க, அதையும் நிரப்பிடுவோம். மிச்சம் இருக்கறதுல அம்மா அடிக்கடி எடுக்கறது எதுன்னு பார்த்து கீழே கொண்டு வாங்க. முறுக்கு அச்சு, பெரிய குக்கர், இட்லிப் பானை எல்லாம் இடுப்பு உயர அலமாரிக்கு வரட்டும். அறுபது வயசுல ஸ்டூல் போட்டு ஏறி எடுக்கற மாதிரி எதுவும் மேலே இருக்க வேணாம்.