பாம்பு சட்டை உரிக்கும்போது நாம என்ன செய்யணும், எதைத் தொடவே கூடாது?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

போன வாரம் டொராண்டோவுல இருந்து ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. வீட்ல ரெண்டு வயசு பால் பைத்தான் ஒண்ணு வளர்க்கிறாங்க. "அண்ணா, பாம்பு சட்டை உரிச்சிடுச்சு. ஆனா துண்டு துண்டா வந்துச்சு. வலது கண்ணு மேல மட்டும் ஏதோ ஒட்டிக்கிட்டு மங்கலா இருக்கு. ஒரு வீடியோவுல ட்வீசர் வச்சு எடுக்கிறாங்க. நானும் எடுக்கலாமா?"

பதிலை முதல்லயே சொல்லிடறேன். எடுக்காதீங்க. அவங்களுக்குத் தனியாவும் உடனே பதில் போட்டுட்டேன். ஏன் கூடாதுன்னு புரியணும்னா, பாம்பு சட்டை உரிக்கும்போது உள்ள என்ன நடக்குதுன்னு தெரியணும். இன்னிக்கு எபிசோட் அதுதான்.

அதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். பால் பைத்தான்னா பால் குடிக்கிற பைத்தான் இல்ல. எந்தப் பாம்புக்கும் பால் உணவே கிடையாது. பயந்தா பந்து மாதிரி சுருண்டுக்கும், இங்கிலீஷ்ல பந்துக்கு பால், அதான் அந்தப் பேரு. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காதான் அதோட பூர்வீகம். நான் ஆபீஸ்ல தினமும் திட்டுற பைத்தான் வேற.

ரெண்டாவது, இந்தியாவுல கேக்குறவங்களுக்கு. சாரை, மண்ணுளி, மலைப்பாம்புன்னு நம்ம ஊர்ப் பாம்பு எதையும் வீட்ல வளர்க்கக் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பால் பைத்தான் மாதிரி வெளிநாட்டு இனம் வச்சிருந்தா, 2024-ல வந்த விதிகள்படி பரிவேஷ் தளத்துல பதிவு பண்ணியிருக்கணும்.

உள்ளே என்ன நடக்குது?

நமக்கும் தோல் உதிருது. ஆனா பொடிப்பொடியா தினமும் உதிர்றதால தெரியிறதில்ல. பாம்பு மேல்தோலை மொத்தமா ஒரே தடவையில கழட்டும். பழைய மேல்தோலுக்கு அடியில புதுசு முழுசா தயாரானதும், ரெண்டுக்கும் நடுவுல ஒரு திரவம் சேரும். அதுல இருக்கிற என்சைம்கள் பழசையும் புதுசையும் பிரிச்சு விடும்.

இந்தத் திரவம்தான் நமக்கு வெளியில தெரியிற எல்லா மாற்றத்துக்கும் காரணம். உடம்பு நிறம் மங்கும், வயித்துப் பக்கம் லேசா ரோஸ் கலர் தட்டும், கண்ணு பால் கலந்த நீலமா மாறும். பாம்பு வளர்க்கிறவங்க இதை 'ப்ளூ'ன்னு சொல்வாங்க.

கண்ணு ஏன் மாறுது? பாம்புக்கு இமை கிடையாது. கண்ணு மேல கண்ணாடி மாதிரி ஒரு செதில் நிரந்தரமா மூடியிருக்கும். அதுவும் தோலோட பகுதிதான். அதனால ஒவ்வொரு தடவை சட்டை உரிக்கும்போதும் அந்தக் கண்ணாடியும் கழண்டு, அடியில புதுசு இருக்கும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, ட்வீசர் கேள்விக்குப் பதில் இங்கதான் இருக்கு.

மொத்தமா ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும். ப்ளூ சில நாள் இருந்துட்டு, கண்ணு திடீர்னு தெளிவாகும். நிறைய பேர் "முடிஞ்சிடுச்சு போல"ன்னு நினைப்பாங்க. முடியல. அதுக்கப்புறம் சில நாள்லதான் சட்டை கழலும். மூக்கைக் கரடுமுரடான எதுலயாவது தேய்க்கும், உதட்டு ஓரம் விடும், அங்கிருந்து சாக்ஸ் கழட்டுற மாதிரி உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி உரிஞ்சுக்கிட்டே போகும். வளர்ற குட்டிகள் நாலஞ்சு வாரத்துக்கு ஒரு தடவை உரிக்கும், பெருசுங்க வருஷத்துல சில தடவைதான்.

அந்த ரெண்டு வாரம் நாம என்ன செய்யணும்?

பெரும்பாலும் சும்மா இருக்கணும். ப்ளூவுல இருக்கும்போது பாம்புக்குக் கண்ணு சரியா தெரியாது. கை பக்கத்துல வந்தாலே பயந்து கொத்த வரலாம். புதுத் தோலும் மென்மையா இருக்கும். தூக்காதீங்க.

சாப்பிடலைன்னா கவலைப்படாதீங்க, இந்த நேரத்துல நிறைய பாம்பு சாப்பிடாது. ஆனா உயிரோட எலியை உள்ள விட்டுட்டுப் போகவே கூடாது. சாப்பிடாத பாம்பை எலி கடிச்சுப் புண்ணாக்கிடும்.

சுத்தமான தண்ணிக் கிண்ணம், உரசிக்க ஒரு கட்டையோ கல்லோ, சூடான பக்கம் 31, 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25, 26 டிகிரி செல்சியஸ். இது எப்பவும் இருக்க வேண்டியதுதான்.

நாம கூடுதலா கவனிக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: ஈரப்பதம். பால் பைத்தானுக்குச் சாதாரணமா 55, 60 சதவீதம் வேணும். சட்டை உரிக்கும்போது 65-லிருந்து 75 வரை ஏத்தணும். காத்து காஞ்சிருந்தா அந்த நடுத் திரவம் சீக்கிரம் வறண்டு, பழைய தோல் புதுசு மேலயே ஒட்டிக்கும்.

டொராண்டோ கேஸ் இங்கதான் மாட்டுது. வெளிய மைனஸ் 10 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம்னு வானிலை ஆப் காட்டும். "நல்ல ஈரமாத்தானே இருக்கு"ன்னு தோணும். குளிர்ந்த காத்தால ரொம்பக் கொஞ்சம் நீராவியைத்தான் வச்சிருக்க முடியும். அதே காத்தை வீட்டுக்குள்ள 22 டிகிரிக்குச் சூடாக்கினா, ஈரம் எதுவும் சேராத பட்சத்துல 10 சதவீதத்துக்கும் கீழ இறங்கிடும். சமையல், குளியல், நம்ம மூச்சு எல்லாம் சேர்ந்து கொஞ்சம் ஏத்தும், ஆனா பாம்புக்குப் பத்தாது. சென்னையில ராத்திரி முழுக்க ஏசி ஓடுற ரூமும் காத்தை உலர்த்தும்.

தீர்வு ரொம்ப சிம்பிள். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுல பாம்பு நுழையிற அளவுக்கு ஓட்டை போடுங்க. ஓட்டையோட விளிம்பு கீறாம தேய்ச்சு மழுக்கிடுங்க. உள்ள ஸ்பாக்னம் பாசியை நனைச்சு நல்லா பிழிஞ்சு வைங்க. வேணும்னா பாம்பு உள்ள போகும், வேணாம்னா வெளிய வரும். மொத்தக் கூண்டையும் சொதசொதன்னு ஆக்காதீங்க, எப்பவும் ஈரத்துல கிடந்தா வயித்துச் செதில்ல புண்ணு வரும்.

ஈரப்பத மீட்டரை நம்புறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் பண்ணிடுங்க. முள்ளு வச்ச மலிவு மீட்டர் நிறைய பொய் சொல்லும். ஒரு பாட்டில் மூடியில உப்பைப் போட்டு, கரையாத அளவுக்குச் சில சொட்டு தண்ணி விட்டு, மீட்டரோட சேர்த்து ஜிப்லாக் கவர்ல மூடி ராத்திரி முழுக்க வைங்க. காலையில 75 காட்டணும். 68 காட்டினா, உங்க மீட்டர் 7 குறைச்சுச் சொல்லுதுன்னு அர்த்தம்.

சட்டை கழண்டதும் தூக்கிப் போடாதீங்க

அது ஒரு ரிப்போர்ட். விரிச்சு வச்சுப் பாருங்க. பாம்பை விட நீளமா இருக்கும், செதில்களுக்கு நடுவுல மடிஞ்சிருந்த தோலும் விரியறதால. தலைப் பக்கம் ரெண்டு கண்ணாடியும் இருக்கா? வால் நுனி முழுசா வந்திருக்கா? இந்த ரெண்டு இடம்தான் முக்கியம்.

உடம்புல அங்கங்க ஒட்டியிருந்தா பிச்சு எடுக்காதீங்க. வெதுவெதுப்பான தண்ணியில நனைச்ச துண்டை ஒரு டப்பாவுல வச்சு, பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டு, இருபது நிமிஷம் பாம்பை ஊர விடுங்க. தானா கழலும்.

வால் நுனியில வளையம் மாதிரி ஒட்டியிருந்தா அசால்ட்டா விடாதீங்க. உரிப்புக்கு உரிப்பு அடுக்கு சேர்ந்து, ரத்த ஓட்டம் நின்னு, நுனி செத்துப் போகும். ஊற வச்சும் வரலைன்னா டாக்டர்கிட்ட போங்க.

இப்போ கண்ணு. ஒட்டியிருக்கிற பழைய கண்ணாடிக்கு நேர் கீழ புதுக் கண்ணாடி. ரெண்டுமே மெல்லிசு, ரெண்டும் பாக்க ஒரே மாதிரி. ட்வீசர்ல மாட்டுறது எதுன்னு நமக்குத் தெரியாது. சில நேரம் பழசே அங்க இருக்காது, தண்ணி பத்தாம கண்ணு லேசா ஒடுங்கினதால மங்கலா தெரியும். அப்போ நாம பிய்க்கிறது நிஜக் கண்ணாடியை. அது கிழிஞ்சா கண்ணு காஞ்சு, சீழ் பிடிச்சு, பார்வையே போகலாம். மாறா, ஈரப்பதத்தைச் சரி பண்ணினா பெரும்பாலும் அடுத்த உரிப்போட பழசும் சேர்ந்து வந்துடும். அதுக்கும் வரலைன்னா, இல்ல கண்ணு வீங்கியிருந்தா, ஊர்வன பார்க்கிற கால்நடை மருத்துவர்தான் கை வைக்கணும்.

கடைசியா, ஒரு தடவை துண்டு துண்டா வந்தா ஈரப்பதத்தைப் பாருங்க. திரும்பத் திரும்ப வந்தா, உண்ணி, பழைய சூட்டுக் காயம், வேற நோய் எதுவும் இருக்கான்னு டாக்டர் பார்க்கணும். பாம்பையோ சட்டையையோ தொட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. சால்மொனெல்லா கிருமி ஊர்வன கிட்ட சகஜம், வீட்ல குழந்தை இருந்தா இன்னும் கவனம்.

பாம்பு வச்சிருக்கிறவங்க இன்னிக்கு ராத்திரியே அந்த உப்பு டெஸ்ட்டைப் பண்ணிட்டு, மீட்டர் எவ்வளவு காட்டுச்சுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் வேற ஒரு கேள்வியோட வர்றேன்.