கையைத் திருத்த ஒருவர்

விபத்தில் அடிபட்டவரின் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறதா என்று ஆம்புலன்சிலேயே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்து பார்க்க முடிகிறது. செல்போனில் இணைத்துப் பார்க்கும் அளவுக்குக் கருவி சுருங்கிவிட்டது. அதைப் பழகுவதற்கான நேரம்தான் சுருங்கவில்லை. ஷிஃப்டில் ஓடும் ஆம்புலன்ஸ் மருத்துவப் பணியாளரை நாள்கணக்கில் வகுப்பில் உட்காரவைப்பது சுலபமல்ல. ஆகவே பாடத்தை இணையத்தில் ஏற்றிவிடலாம் என்கிறார்கள். இதை வெறும் சிக்கன யோசனை என்று தள்ளிவிட முடியாது. ஐரோப்பிய மருத்துவமனைகள் இரண்டில் டாக்டர்களை வைத்து நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், இணையத்தில் படித்தவர்களும் வகுப்பில் கேட்டவர்களும் அறிவுத் தேர்வில் ஏறக்குறைய சமமாகவே தேறினார்கள். கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவே கறுப்புப் பட்டை தெரிந்தால் அங்கே திரவம் சேர்ந்திருக்கலாம். நுரையீரல் உறை மூச்சுக்கு மூச்சு வழுக்கி நகர்ந்தால் அந்த இடத்தில் உறையின் அடுக்குகளுக்கு நடுவே காற்று புகவில்லை. இப்படிக் கண்ணுக்குப் பழக வேண்டியதை, நிறுத்தி நிறுத்தித் திரும்ப ஓட்டிப் பார்க்கும் வீடியோ நன்றாகவே பழக்கும்.

ஆனால் அந்தத் தேர்வு அளந்தது அறிவை. வீடியோவில் வருவது வேறொருவர் கை ஏற்கெனவே தேடிப் பிடித்துவைத்த படம். விலா எலும்பின் நிழல் திரையை மறைக்கும்போது உடல்மேல் வைக்கும் புரோபைச் சாய்ப்பதா, திருப்புவதா, ஒரு விலா இடைவெளி கீழே இறக்குவதா என்பது விரலுக்குத் தெரிய வேண்டும். கோணம் சற்றுப் பிசகினாலும் கறுப்புப் பட்டை கண்ணில் படாது. படாததை ‘இல்லை’ என்று எழுதிவிடுவதுதான் இதில் ஆபத்து.

அப்படியானால் வகுப்பறையே கதி என்று முடிவு கட்டலாமா? சர்வதேச விண்வெளி நிலையத்தில் இதே ஸ்கேனைச் செய்து பார்த்த அனுபவம் 2005இல் வெளியானது. செய்தவர்கள் பெற்றிருந்த பயிற்சி கொஞ்சம்தான்; பூமியிலிருந்த நிபுணர்கள் திரையைப் பார்த்து வழிகாட்ட, தேவையான படங்கள் கிடைத்தன. இணையக் கல்வியின் ஆதரவாளர்கள் இதைத் தங்களுக்குச் சாதகமான சான்றாகக் காட்டலாம். எனக்கு இது வேறொன்றைச் சொல்கிறது: அங்கே ஆசிரியர் இல்லாமலில்லை, தூரத்தில் இருந்தார். ஒவ்வோர் அசைவையும் திருத்தவும் செய்தார். முப்பது பேருக்கு ஒரு கருவி வைத்து நடத்தும் பட்டறையில் அந்தத் திருத்தம் யாருக்குக் கிடைக்கும்? கடைசி வரிசைக்காரர் பார்ப்பதும் வீடியோவைத்தான், அதுவும் திரும்ப ஓட்ட முடியாத வீடியோ.

விரிவுரையை இணையத்துக்கு அனுப்பினால் மிச்சமாகும் மணிநேரத்தைக் கணக்கில் சேமிப்பாகக் காட்டாமல், ஒருவர் அருகில் நின்றோ நேரலையில் பார்த்தோ கையைத் திருத்தும் பயிற்சிக்குக் கொடுக்க வேண்டும். ஓடும் வண்டியில் நெட்வொர்க் அறுந்துபோகும் என்பார்கள். போகட்டும், வண்டியில் எடுத்த படங்களைச் சேமித்து, மருத்துவமனை சி.டி. ஸ்கேனில் தெரிந்ததோடு ஒப்பிட்டு, எடுத்தவரிடமே மறுநாள் காட்டலாமே.