பஷ்மினாவை ஏன் கையால் நூற்கிறார்கள்?

லடாக்கின் சாங்தாங் பீடபூமி 4,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே இறங்கும். சாங்பா மக்கள் அங்கே மேய்க்கும் வெள்ளாடுகளுக்கு மேலே முரட்டு மயிர், அடியில் மெல்லிய ரோமம்; அந்த அடிரோமம்தான் பஷ்மினா. குளிர் வரட்டும் என்று ஆட்டின் உடல் காத்திருப்பதில்லை. பகல் குறுகத் தொடங்கியதுமே அடிரோமத்தை வளர்க்க ஆரம்பித்துவிடும். வசந்தத்தில் அது தளரும்போது சீப்பால் வாரி எடுக்கிறார்கள். ஓர் ஆட்டுக்குச் சில நூறு கிராம்தான்; முரட்டு மயிரைப் பிரித்தால் அதுவும் வெகுவாகக் குறையும்.

இழையின் தடிமன் 12 முதல் 15 மைக்ரான். இழைகளுக்கு நடுவே சிக்கி அசையாமல் நிற்கும் காற்றுதான் உடல்சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. இழை மெலிந்தால் அப்படிச் சிக்கும் காற்றும் கூடும்.

வம்பும் அந்த மெலிவால்தான். இழை குட்டை வேறு. இயந்திரம் வெடுக்கென்று இழுத்தால் அறுந்துபோகும். அதனால் ஆலைகளில் நைலான் கலந்து நூற்று, பின்பு அமிலத்தில் அந்த நைலானைக் கரைத்துவிடுவார்கள். அதில் ரோமமும் கொஞ்சம் நலியத்தான் செய்யும். காஷ்மீரப் பெண்களோ இந்த ரோமத்தை அரிசிமாவில் புரட்டி எண்ணெய்ப்பசையைப் போக்கி, ராட்டையில் நூற்கிறார்கள். இழை எங்கே மெலிகிறது என்று விரல்நுனிக்குத் தெரியும்; உடனே பிடி தளரும்.