உப்பு மூட்டையும் தைராய்டு சுரப்பியும்

மளிகைக் கடையில் அதிக இடத்தை அடைத்துக்கொண்டு குறைந்த லாபம் தரும் சரக்கு எது என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் உப்பைத்தான் சொல்வோம். திருடன்கூடத் தொடமாட்டான் என்ற நம்பிக்கையில் கல்லுப்பு மூட்டையை இரவு முழுவதும் கடை வாசலிலேயே விட்டுவைப்பது நம் ஊர்களில் நெடுநாள் வழக்கம். ஆனால் வாங்கிச் செல்பவரின் உடம்புக்குள் அந்த உப்பு செய்யும் வேலை பெரியது. வணிகர்கள் அதை அறிந்திருப்பது அவசியம்.

உடம்பில் உள்ள சில சுரப்பிகள் ஹார்மோன் எனப்படும் பொருள்களை மிகச் சிறிய அளவில் இரத்தத்தில் கலக்கின்றன. கணையத்தின் இன்சுலின் சர்க்கரையைக் கவனிக்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் நெருக்கடியில் உதவுகின்றன. திடீர்ச் சோதனைக்கு அதிகாரி வந்து நிற்கும்போது நெஞ்சு படபடக்கிறதே, அது இவற்றின் வேலைதான். நம் கடைச் சரக்கோடு நேரடித் தொடர்புள்ளது, முன்கழுத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் தைராய்டு சுரப்பி.

இது சுரக்கும் தைராக்ஸின், உடம்பு எவ்வளவு வேகத்தில் சக்தியைச் செலவிட வேண்டும் என்பதை நிர்ணயிக்கிறது. குறைந்தால் சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், உடல் எடை கூடுதல். மிகுந்தால் படபடப்பும் உடல் இளைப்பும். இதைத் தயாரிக்க அயோடின் கட்டாயம் வேண்டும். தைராக்ஸினின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள் உள்ளன. அயோடினை உடம்பு தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாது. வெளியிலிருந்து கொள்முதல் செய்துதான் ஆக வேண்டும்.

இரத்தத்தில் தைராக்ஸின் குறைந்தால் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, இன்னொரு ஹார்மோன் மூலம் தைராய்டுக்கு 'ஆர்டர்' அனுப்புகிறது. போதிய அளவு வந்ததும் ஆர்டரைக் குறைத்துவிடும். அயோடினே இல்லாதபோது என்ன ஆகும்? ஆர்டர் மேல் ஆர்டராக வந்துகொண்டே இருக்கும். மூலப்பொருள் வராத பட்டறையை விரிவுபடுத்துவது போல, தைராய்டு வீங்கிப் பெருக்கும். இதுவே முன்கழுத்துக் கழலை.

கழலை கண்ணுக்குத் தெரியும். அதைவிடக் கொடியது கண்ணுக்குத் தெரியாது. கருவிலும், பிறந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளிலும் குழந்தையின் மூளை வளரத் தைராய்டு ஹார்மோன் தேவை. கர்ப்பிணிக்கு அயோடின் கடுமையாகக் குறைந்தால் குழந்தையின் வளர்ச்சியும் அறிவும் குன்றிவிடும். பிறகு எத்தனை மாத்திரை கொடுத்தாலும் அந்த இழப்பை முழுவதும் ஈடுகட்ட முடியாது.

தேவையோ மிகச் சொற்பம். பெரியவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம். 70 ஆண்டு வாழ்நாள் முழுவதற்கும் கணக்குப் போட்டாலும் 4 கிராமைத் தாண்டாது! சில்லறைக் கடையில் விற்கும் உப்பில் பத்து லட்சத்தில் 15 பங்காவது, அதாவது டன்னுக்கு 15 கிராமாவது, அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. அத்தகைய உப்பில் 10 கிராம் சாப்பிட்டால் 150 மைக்ரோகிராம் கிடைத்துவிடும். இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைப்பவர்கள் பெருகிவிட்ட காலம் இது. சாப்பிடும் கொஞ்ச உப்பிலாவது அயோடின் முழுமையாக இருக்க வேண்டாமா?

இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் 1956-ல் தொடங்கிய ஆய்வே இந்த உப்புக்கு இந்தியாவில் வழிவகுத்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த பகுதியை மூன்றாகப் பிரித்து, இரண்டுக்கு அயோடின் உப்பும் ஒன்றுக்குச் சாதா உப்பும் அனுப்பினார்கள். சில ஆண்டுகளில் முதல் இரண்டிலும் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-ல் மத்திய அரசின் கழலை ஒழிப்புத் திட்டம் பிறந்தது.

அயோடின் இல்லாத உப்பை உணவுக்கு விற்கக் கூடாது என்ற தடை 2000-ல் நீக்கப்பட்டு, 2006 மே 17 முதல் மீண்டும் வந்தது. 2011-ன் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளிலும் தொடர்கிறது. தோல் பதனிடுதல், கால்நடைத் தீவனம் போன்றவற்றுக்கான உப்பை அதற்குரிய லேபிளுடன் விற்கலாம். அதைச் சமையல் உப்போடு சேர்த்து அடுக்குவது வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. ஆயினும் 2018-19-ல் நடந்த தேசிய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய வீடுகள் இங்கே 61.9 சதவீதம்தான். நாட்டிலேயே கடைசி இடம்! 'நமக்குத்தான் கடல் இருக்கிறதே' என்பார்கள். கடல் உப்பிலும் இயற்கையில் அயோடின் மிகமிகக் குறைவு. இப்போது பலர் கேட்டு வாங்கும் இந்துப்பிலும் அப்படியே. பாக்கெட்டில் அயோடின் சேர்த்ததாக அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவதே சரி.

அயோடின் கலந்த கல்லுப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. அயோடின் பெரும்பாலும் கல்லின் மேற்புறத்தில்தான் ஒட்டியிருக்கிறது. மூட்டை ஈரத்தில் கசிந்தால் அந்த நீரோடு அயோடினும் போய்விடும். வீட்டில் கல்லுப்பைக் கழுவினாலும் அப்படித்தான். வாசலில் மழையிலும் வெயிலிலும் கிடந்த மூட்டை, எடை குறையாவிட்டாலும் சரக்கு குறைந்த மூட்டை. பலகை மேல், சுவரை ஒட்டாமல், கூரைக்குள் வையுங்கள். பழைய லாட்டை முதலில் தள்ளுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் அயோடின் உப்பு ஆகுமா என்று கேட்டால், நாம் வைத்தியம் சொல்லாமல் அவருடைய டாக்டரிடம் அனுப்பிவிடலாம். கசிந்து இறுகிப்போன மூட்டையை விலை குறைத்துச் சமையலுக்குத் தள்ளிவிட வேண்டாம். மொத்த வியாபாரியிடம் பேசித் திருப்பிவிடுங்கள்.