அட்டையும் குரலும்

எனது மாயக் குறுநாவலைச் சொந்தச் செலவில் அச்சிடப் போகிறேன். பலவர்ண அட்டைக்கு மட்டும் தொழிற்சாலைச் சம்பளத்தில் பாதி போய்விடும்.

1843இல் சார்ள்ஸ் டிக்கன்ஸும் 'கிறிஸ்மஸ் கரோல்' என்ற ஆவிக்கதையைத் தன் செலவிலேயே வெளியிட்டார். செந்நிறத் துணிக்கட்டு, பொன்முலாம் பூசிய விளிம்புகள், கையால் வர்ணம் தீட்டிய நான்கு படங்கள். விலை ஐந்து ஷில்லிங் மட்டுமே. 6,000 பிரதிகள் கிறிஸ்மஸுக்கு முன்பே விற்றுத் தீர்ந்தன. ஆனால் 1,000 பவுண் எதிர்பார்த்தவருக்கு மிஞ்சியது 230 பவுண்தான். அலங்காரம் இலாபத்தைத் தின்றது.

1853இல் பேர்மிங்ஹாமில், குறைந்த கட்டணத்தில், தொழிலாளர் முன் அக்கதையை அவரே வாசித்தார். பின்னர் அவ்வாசிப்புகளே அவருக்குப் பெரும் வருமானமாயின.

நமது வெளியீட்டு விழாக்களிலோ ஆறுபேர் நூலைப் புகழ்வார்கள். எவரும் ஒரு பக்கம் வாசிப்பதில்லை. ஒருவர்ண அட்டை எனக்குப் போதும். மிஞ்சும் பணத்தில் மண்டபம் எடுத்து வாசிப்பேன்.