தில்லியிலிருந்து ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கு

தில்லிக்கும் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கும் இடையே எவ்வளவு தூரம்? சுவரில் தொங்கும் பூகோளப் படத்தில் அளவுகோலை வைத்தால் விடை தவறிவிடும். உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரித்த படமன்றோ அது! பூகோள உருண்டை ஒன்றை எடுத்து, இரு நகரங்களுக்குமிடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது திபேத், ஸைபீரியா, ஆர்க்டிக் சமுத்திரம், அலாஸ்கா ஆகியவற்றின்மேல் செல்வதைக் காண்போம். மிகக் குறுகிய வழி இதுவே; சுமார் 12,400 கிலோமீட்டர். இதற்குப் 'பெருவட்ட வழி' என்று பெயர். சுற்றிப் போவதுபோல் ஒலிக்கும் இச்சொல் நேர்வழியைக் குறிப்பது, மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கும் முதலில் வியப்பாகத்தான் இருந்தது.

ஆயினும் விமானம் அந்த நூலைப் பற்றிக்கொண்டு செல்வதில்லை. விமானத்தினுள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால், பிரயாணிகள் இயல்பாகச் சுவாசிக்கத்தக்க சுமார் 3,000 மீட்டர் உயரத்திற்கு விரைவில் இறங்கவேண்டும். திபேத்திலோ தரையே சராசரி 4,500 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஆகவே விமானிகள் பெரும்பாலும் அப்பகுதியை ஒதுக்கியே செல்கின்றனர்.

தூரம் கூடினால் நேரமும் கூடும் என்று எண்ணுவது இயல்பு. அதுவும் எப்போதும் மெய்யன்று. 2015 டிசம்பரில் ஏர் இந்தியா தொடங்கிய இடைநில்லா விமானம், அட்லாண்டிக் வழியாக ஏறத்தாழ 13,900 கிலோமீட்டர் சென்றது. 2016 அக்டோபரில் அது கிழக்கே திரும்பி, பசிபிக் மகாசமுத்திரத்தைக் கடந்து 15,300 கிலோமீட்டர் பறந்தது. தூரம் 1,400 கிலோமீட்டர் அதிகம்; போய்ச் சேர்ந்ததோ 14½ மணியில், பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி முன்னதாக! உயர வானில் மேற்கிலிருந்து கிழக்கே விரைந்து வீசும் காற்று, ஆற்றோட்டம் ஓடத்தைக் கொண்டுசெல்வதுபோல் விமானத்தைத் தள்ளிச் சென்றது. கணக்கிட்டுப் பார்த்தால் சராசரி வேகம் மணிக்கு 1,050 கிலோமீட்டருக்கு மேல்.

காற்று உதவினாலும் மனிதர் வழியை அடைப்பதுண்டு. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, வட அமெரிக்காவுக்கும் தில்லிக்கும் இடையே பறந்த நமது விமானங்கள் சில, எரிபொருளுக்காக ஐரோப்பிய நகரங்களில் இறங்க நேர்ந்தது.

இனி, கடிகாரம். இதில்தான் வீட்டார் இடர்ப்படுகின்றனர். விமானச் சீட்டில் குறித்திருப்பது அந்தந்த ஊரின் நேரம். அக்டோபரில் ஸான் பிரான்ஸிஸ்கோ தில்லிக்கு 12½ மணி பின்தங்கியுள்ளது. தில்லியில் காலை 4 மணிக்குப் புறப்பட்டு 14½ மணி பறப்பவர், அங்கே அதே நாள் காலை 6 மணிக்கு இறங்குவார். திரும்பும்போது நிலைமை நேர்மாறு. மகனைப் பார்த்துவிட்டுத் தனியே திரும்பும் முதிய தாய், அங்கே திங்கட்கிழமை இரவு 9 மணிக்கு விமானமேறி 16 மணி பறந்தால், இங்கே புதன்கிழமை அதிகாலை 1½ மணி. அவரை அழைத்துவரச் செல்பவர் செவ்வாய்க்கிழமை இரவே வீட்டைவிட்டுக் கிளம்பவேண்டும்; புதன் என்றிருக்கிறதே என்று அன்றிரவு சென்றால், அம்மூதாட்டி பெட்டியின்மேல் அமர்ந்து ஒரு பகல் முழுதும் காத்திருப்பார்.